"இப்ப எதுக்கும்மா சிரிச்சாங்க?" பிக் பேங் தியரி பார்க்கும் என் மகனுக்கு என்ன பதில் சொல்ல?

காவிரிக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஈரோடு. வங்கியில் வேலை. மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான்.

அவனுக்கு ரயில் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பிளாட்ஃபார்ம் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஜங்ஷனில் போய் நிற்பான். வருகிற ஒவ்வொரு என்ஜினின் எண்ணையும், அது எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்பதையும் நோட்டில் எழுதுவான். இதுவரை பதினொரு நோட்டு நிரம்பிவிட்டது. டபிள்யூஏபி-4 என்ஜினுக்கும் டபிள்யூஏபி-7 என்ஜினுக்கும் சத்தத்தில் இருக்கும் வித்தியாசத்தை மொட்டை மாடியில் நின்றபடியே சொல்லுவான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும்.

பள்ளியில் அவனை முன்பெல்லாம் "பழம்" என்பார்கள், "படிப்ஸ்" என்பார்கள். இந்த வருடம் யாரோ ஒரு பையன் "ஷெல்டன்" என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே பெயராகிவிட்டது. அது பிக் பேங் தியரி என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் வரும் இயற்பியலாளர். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டு பேரும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு அதைப் பார்க்க உட்கார்ந்தோம். இப்போது மூன்றாவது சீசனில் இருக்கிறோம். நிறைய இடத்தில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன், அதை மறைக்கவில்லை.

ஆனால் போன மாதம் ஒரு நாள், ஷெல்டன் ரயிலைப் பற்றி ஏதோ சொல்ல, தொடரின் பின்னணியில் அரங்கம் முழுக்கச் சிரித்தது. என் மகன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இப்ப எதுக்கும்மா சிரிச்சாங்க? அவர் சொன்னது சரிதானே?" என்று கேட்டான். "சும்மா பாரு கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு அவன் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கேட்டால் படிக்க இருக்கிறது என்கிறான். பன்னிரண்டாவது நோட்டு அலமாரியில் புதிதாக அப்படியே இருக்கிறது.

இந்தத் தொடரை நிறுத்திவிடலாமா? இவனைப் போன்ற பிள்ளைகளை வேறு விதமாகக் காட்டுகிற தொடர்கள் இருக்கின்றனவா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குளிர்தேசம்

அக்கா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

2011-இல் நான் ஆராய்ச்சிப் படிப்புக்காக வெளிநாடு போனேன். பனி, தனி அறை, பேச ஆளில்லை. அந்தக் குளிர்காலத்தை இந்தத் தொடரோடுதான் கடந்தேன். அதுவரை இயற்பியல் படிப்பவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை நான் டிவியில் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு நண்பர்கள் இருந்தார்கள், காதல் வந்தது, வாடகைச் சண்டை வந்தது. 2007 முதல் 2019 வரை 279 எபிசோட். கடைசியில் ஷெல்டனும் அவர் மனைவி ஏமியும் நோபல் பரிசு வாங்குகிறார்கள். நம் தொடர்களில் விஞ்ஞானி என்றால் தலை கலைந்த ஒரு தாத்தா வந்து ரெண்டு வரி பேசிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஷெல்டன் கதவை மூன்று தடவை தட்டி, ஒவ்வொரு தடவையும் எதிர்வீட்டுப் பென்னியின் பெயரைச் சொல்லுவாரே, வருடக்கணக்காக அதற்குச் சிரித்தோம். பத்தாவது சீசனில் அதன் காரணம் வருகிறது. பதின்மூன்று வயதில் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர், கதவைத் திறந்தபோது அப்பா வேறொரு பெண்ணோடு இருப்பதைப் பார்த்துவிட்டார். அதிலிருந்து முதல் தட்டு வழக்கத்துக்கு, மற்ற இரண்டும் உள்ளே இருப்பவர்கள் சுதாரித்துக்கொள்ள. அந்தக் காட்சிக்குப் பிறகு பழைய எபிசோடுகளைப் போட்டால் அந்தத் தட்டலுக்கு எனக்குச் சிரிப்பே வரவில்லை. இப்படி எழுதியவர்களை, கேலி மட்டும் செய்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

இரவுப்பணி

குளிர்தேசம் தம்பி சொன்ன கதவுக் காட்சி எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அக்காவின் பையன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் 19 வருடமாக கம்ப்யூட்டர் சர்வர் அறையில் வேலை பார்க்கிறவன். பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற ராத்திரிகளில் இந்த வகைத் தொடர்கள் அத்தனையையும் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் நானும் சோடாபுட்டிதான், ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிற பையன். அதனால் ஒரு தொடரில் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: அந்த ஆள் தனக்குப் பிடித்த காரியத்தில் மூழ்கியிருக்கிறபோது கேமரா அவன் பக்கத்தில் உட்காருகிறதா, சிரிப்பு வந்ததும் எழுந்து போய்விடுகிறதா?

பிக் பேங் தியரியை உருவாக்கிய இரண்டு பேரில் பில் பிராடி முன்பு கம்ப்யூட்டர் புரோகிராமராக இருந்தவர். ஆக, வெளியாள் எழுதிய கதை இல்லை. அறைச் சுவரோரம் நிற்கும் வெள்ளைப் பலகையில் இருக்கிற சமன்பாடுகளும் நிஜம்தான். யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் டேவிட் சால்ட்ஸ்பெர்க் அதற்கென்றே ஆலோசகராக இருந்தார். அத்தனை அக்கறையோடு எழுதிய பலகை, ஆனால் அது நடிகர்களுக்குப் பின்னால் நிற்கும் திரைச்சீலை போலத்தான் இருக்கும். முன்னால் நடப்பது வேறு. ஒருவர் "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டின் பெயரைச் சொல்வார், சிரிப்பு. காமிக் புத்தகக் கடைக்குள் ஒரு பெண் நுழைவார், கடையில் இருக்கிற ஆண்கள் எல்லாம் சிலையாக நின்று பார்ப்பார்கள், சிரிப்பு. அந்த விளையாட்டு எப்படி ஆடப்படுகிறது, ஆறு மணி நேரம் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதற்கெல்லாம் நேரம் இருக்காது. பெயரைச் சொன்னதே ஜோக்காகிவிடுகிறது. உங்கள் பையனுக்கு ரயில் விஷயத்தில் நடந்ததும் இதுதான், அக்கா. ரயிலைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ரயிலைப் பற்றிச் சொன்னதற்கே சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை மெஷினில் ஒட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கலிஃபோர்னியாவில், வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில், நேரில் வந்து உட்கார்ந்த பார்வையாளர்கள் முன்னால் எடுத்த தொடர் அது. சிரிப்பு அடங்கும் வரை நடிகர் காத்திருந்துதான் அடுத்த வரியைச் சொல்வார். அதனால் எழுத்தே சிரிப்புக்கு இடம் விட்டு விட்டுத்தான் நகரும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, நீங்கள் பார்க்கும் மூன்றாவது சீசனிலேயே வரும். கிராஃபீன் என்ற பொருளுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நகர்கின்றன என்று புரியாமல் ஷெல்டன் தூக்கம் கெட்டுத் திரிவார். சாப்பாட்டுக் கடையில் தட்டு எடுக்கிற வேலையில் இறங்கி, கையிலிருந்த தட்டுகள் கீழே விழுந்து உடைகிறபோது விடை கிடைக்கும். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு பழுதைத் தேடி அலைந்தவனுக்கு அந்த முகம் தெரியும். ஆனால் அந்த எபிசோடில் எல்லோர் நினைவிலும் நிற்பது, குழந்தைகள் விளையாடும் பந்துக் குளத்தில் அவர் முங்கி முங்கி எழுந்த காட்சிதான்.

சரி, வேறு தொடர். "ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்". பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய அமெரிக்கத் தொடர், 1999-இல் வந்தது. மொத்தமே 18 எபிசோட், ஆள் பார்க்கவில்லை என்று அந்தச் சேனல் பாதியிலேயே நிறுத்திவிட்டது. கதை 1980-இல், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஒரு ஊரில் நடக்கிறது. உருவாக்கிய பால் ஃபீக் அந்தப் பக்கத்திலேயே வளர்ந்தவர். (நம்ம ஊர் "படிப்ஸ்" போன்ற "நெர்ட்" என்ற சொல்லையே 1951-இல் நியூஸ்வீக் பத்திரிகை டெட்ராய்ட் இளைஞர்களின் பேச்சு வழக்கு என்றுதான் அச்சிட்டது. அதே மாதிரிக் கேலிச் சொல்லான "கீக்" என்றால் அதற்கும் முந்தைய காலத்தில் திருவிழாக் கூடாரத்தில் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துக் காட்டுகிற ஆள். இரண்டுமே வசவாகப் பிறந்த சொற்கள்.) அந்தத் தொடரில் சிரிப்பொலி கிடையாது. எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

அதில் பில் என்று ஒரு பையன். ஒல்லி, உயரம், பெரிய கண்ணாடி, வகுப்பில் எல்லோருக்கும் இளப்பம். அம்மா தனியாக வளர்க்கிறார், வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு நாள் பள்ளி விட்டு வந்து, பூட்டிய வீட்டைத் தானே திறந்து உள்ளே போகிறான். ரொட்டிக்கு நடுவில் சீஸ் வைத்து வாட்டிக்கொள்கிறான். கேக் ஒரு துண்டு, ஒரு டம்ளர் பால். எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிறான். திரையில் கேரி ஷாண்ட்லிங் என்ற நகைச்சுவைக் கலைஞர் பேசுகிறார். பையன் சிரிக்கிறான், வாய் நிறைய ரொட்டியோடு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறான். அவ்வளவுதான் காட்சி. வசனமே இல்லை, பின்னால் ஒரு பாட்டு மட்டும் போகும்.

நான் முதலில் பார்த்தபோது, அடுத்து ஏதோ நடக்கப் போகிறது, யாரோ கதவைத் தட்டி அவனை அவமானப்படுத்தப் போகிறார்கள் என்று பயந்துகொண்டே பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கேமரா அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், வீட்டில் அவன் சிரிக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அம்மா வேலை முடிந்து வர ஏழு மணி ஆகும். அந்த மூன்று மணி நேரம் வீடும் ரேடியோவும் நானும்தான். என் சிறுவயதில் நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்த நேரம் அது. அதை ஒரு டிவி தொடரில் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை.

கடைசி எபிசோடில் டேனியல் என்கிற அடாவடிப் பையன், தண்டனையாக இந்தப் பையன்களோடு சேர்க்கப்பட்டு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்காருவான். அவனுக்குக் கிடைக்கும் கதாபாத்திரம் கார்லோஸ் என்ற குள்ளன். ஆட ஆட அவன் முகம் மலர்கிறது, மறுநாளும் ஆடலாமா என்கிறான். பிக் பேங்கில் பெயரைச் சொன்னாலே சிரிக்கிற அதே விளையாட்டுதான். இங்கே ஒருவன் அதை ஆடி, அது நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறான்.

பில்லாக நடித்த மார்ட்டின் ஸ்டார், 2014-இல், ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியைப் பற்றிய "சிலிகான் வேலி" தொடரில் கில்ஃபாயிலாக வந்தார். சர்வர்களைக் கட்டி மேய்க்கிற ஆள், என் தொழில்காரர். கராஜில் தானே ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக் கட்டிய மெஷினுக்கு ஆன்டன் என்று பெயர் வைத்திருப்பார். நாங்கள் எல்லோரும் வைப்போம். அந்தத் தொடருக்காக ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ட்சாக்கி வைஸ்மனும் அவருடைய மாணவர் வினித் மிஸ்ராவும், தகவல் சுருக்கத்தின், அதாவது கம்ப்யூட்டர் கோப்புகளைச் சிறிதாக்குவதன், தரத்தை அளக்க ஒரு அளவுகோலையே உருவாக்கிக் கொடுத்தார்கள். அது பின்னால் நிற்கும் பலகையில் தூங்கவில்லை, கதையே அதன் மேல்தான் திரும்பும். ஆனால் பேச்சு முழுக்கக் கெட்ட வார்த்தை. பையனோடு உட்கார்ந்து பார்க்க முடியாது.

இங்கிலாந்தின் "தி ஐடி கிரவுட்" வேறு ரகம். மேலே பளபள அலுவலகம், கீழே குப்பையும் வயர்களுமாக ஒரு அடித்தளம், அதில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ராயும் மாஸும். சின்னக் கருப்புப் பெட்டி ஒன்றில் சிவப்பு விளக்கு எரியும், அதுதான் இன்டர்நெட் என்று தங்கள் மேலாளரிடம் கொடுத்து மேடையேற்றுவார்கள். மொத்தக் கம்பெனியும் அதை நம்பிவிடும். அங்கேயும் சிரிப்பொலி உண்டு, ஆனால் சிரிப்பு மேல்மாடியை நோக்கிப் போகிறது. எனக்கு அது போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனியில், சர்வர் அறையை "குகை" என்பார்கள். மேலே பிறந்தநாள் கேக் வெட்டினால் எங்களுக்கு ஞாபகமாகச் சொல்ல மாட்டார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு டேட்டாபேஸைக் காப்பாற்றிக் கொடுத்த மறுநாள், "நீங்க வீட்டுக்கே போக மாட்டீங்களா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. டிவியில் பார்த்த ஒரு ஆளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டார். அந்த ராத்திரி நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

மின்மினி

இரவுப்பணி அண்ணா, பெண்கள் பக்கம் வரவே இல்லையே நீங்கள்? நான் ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருக்கிறேன். சர்க்யூட் போர்டு வடிவமைப்பு என் வேலை.

பிக் பேங்கில் ஏமியாக நடித்த மயிம் பியாலிக் நிஜ வாழ்க்கையில் நரம்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். யூசிஎல்ஏவில், 2007-இல், தொடர் ஆரம்பித்த அதே வருடம். அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து, தொளதொளப்பான ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, அந்த உடையையும் பேச்சையும் வைத்து எத்தனை சிரிப்பு வாங்கினார்கள்! தொடக்கத்தில் லெஸ்லி விங்கிள் என்று ஒரு இயற்பியலாளர் வருவார். ஷெல்டனுக்குச் சரிக்குச் சரி பதில் கொடுப்பார், அதுவும் இயற்பியலிலேயே. அவரை மெதுவாக ஓரம் கட்டிவிட்டார்கள். எனக்கு அதில்தான் கோபம்.

நம்ம ஊர் ஆளாக வைத்த, ஷெல்டனின் நண்பர் ராஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் டெல்லி, பெயர் கூத்ரப்பாலி. நடித்த குணால் நய்யார் அருமையான நடிகர். அவருக்கு ஆறு சீசன் முழுக்க, குடித்தால் தவிர பெண்களிடம் பேச்சு வராது என்று எழுதினார்கள். எங்கள் வகுப்பில் அதே மாதிரி பேச்சு வராத பையன் ஒருவன் இருந்தான். அவன் எவ்வளவு கஷ்டப்பட்டான் என்று எனக்குத் தெரியும், என்னால் அதற்குச் சிரிக்க முடியவில்லை.

நான் சொல்ல வந்தது "ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்". 2014 முதல் 2017 வரை, நாலு சீசன். 1983-இல் டெக்சாஸில் தொடங்குகிறது. ஐபிஎம் கம்ப்யூட்டரைப் போலவே ஒன்றைச் செய்ய வேண்டும். ஜோ, கோர்டன் என்ற இருவர் கராஜில் உட்கார்ந்து, ஐபிஎம் மெஷினின் சிப்பிலிருக்கும் எண்களை ஒவ்வொன்றாகப் படித்து எழுதிக்கொள்வார்கள். நாள் கணக்கில் அது ஒன்றே வேலை. அதை அப்படியே நகல் எடுத்தால் வழக்கு வரும். அதனால் அந்தக் குறியீட்டைக் கண்ணாலும் பார்க்காத ஒருவர் உட்கார்ந்து புதிதாக எழுத வேண்டும். அந்த ஒருவர் கேமரன் என்ற இளம்பெண். நிஜத்திலும் ஐபிஎம்முக்கு இணையான கம்ப்யூட்டர்களை அந்தக் காலத்தில் இப்படித்தான் செய்தார்கள்.

கோர்டனின் மனைவி டோனா டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி என்ஜினியர். இரண்டாவது சீசனில் டோனாவும் கேமரனும் சேர்ந்து ஒரு வீட்டுக்குள் கம்பெனி நடத்துவார்கள். போன் லைன் வழியாக விளையாட்டு. விளையாட வந்த ஆட்கள் விளையாடுவதைவிட ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதைத்தான் விரும்புகிறார்கள் என்று டோனா கண்டுபிடிப்பார். இரண்டு பெண்கள் வேலையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஒரு ஆளைப் பற்றி இல்லை, ஒரு மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. என் வாழ்க்கையில் நான் போட்ட பெரிய சண்டைகளும் அப்படிப்பட்டவைதான். அதை வேறெந்தத் தொடரும் எனக்குக் காட்டவில்லை.

காவிரிக்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பதில்களை இரண்டு தடவை படித்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தப் பில் பையனின் காட்சியைத் தேடி மகனிடம் போட்டுக் காட்டினேன். முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. முடிந்ததும், "இன்னொரு தடவை போடும்மா" என்றான். போட்டேன். அப்புறம், "டிவில யாரு அது, இவன் அப்படிச் சிரிக்கிறான்?" என்று கேட்டான். இரவுப்பணி தம்பி எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் பெயர் சொன்னேன்.

அவன் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு அவங்க சிரிச்சது ரயில்ல என்ன இருக்குன்னு தெரியாததால, கண்ணு. எனக்கும் தெரியாது, ஆனா நீ சொன்னா கேட்பேன்" என்றேன். உடனே ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ரயில் போகும்போது மாடிக்குக் கூப்பிட்டு, "இது 7, கேளுங்க. கிளம்பும்போது சத்தம் படிப்படியா ஏறும்" என்றான். கண்ணை மூடிக் கேட்டேன். ஏறத்தான் செய்கிறது.

ஞாயிறு அன்று நானும் கூடப் போனேன். இரண்டு பிளாட்ஃபார்ம் டிக்கெட்.

ஒரு சந்தேகம் மட்டும். ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ், ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர் இரண்டும் இவன் வயதுக்குப் பார்க்கலாமா?

இரவுப்பணி

ஃப்ரீக்ஸ் பார்க்கலாம், அக்கா. பெரிய பையன்கள் கஞ்சா புகைப்பது, குடிப்பது சில எபிசோடில் வரும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும், பேசிக்கொள்ளலாம். ஹால்ட் முதல் எபிசோடிலேயே படுக்கையறைக் காட்சி இருக்கிறது. இரண்டு மூன்று வருடம் போகட்டும். கராஜில் எண்களைப் படிக்கிற இடத்தை மட்டும் இப்போதே தனியாகப் போட்டுக் காட்டுங்கள். என்ஜின் எண்ணை நோட்டில் எழுதுகிற பையனுக்கு அது பிடிக்கும்.

பையனிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். டபிள்யூஏபி-4 சத்தம் எப்படி இருக்கும்? எங்கள் சர்வர் அறைக்குப் பின்னால் ஒரு ரயில் பாதை போகிறது. ராத்திரி இரண்டரை மணிக்கு ஒன்று கடக்கும். அது எது என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.